மீட்டரக்காவின் வீடு

மீட்டரக்காவிடம் வீடு பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டேதான் திரும்பி வருவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஒருமுறை முகத்துக்கு நேராகவே திட்டினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் ஒரு மர அலமாரியும் இருக்கிற அறை என்னுடையது. முப்பத்தொரு வருஷமாக அதே மேசை. வீடு வாங்குகிறவர்கள் எங்கெங்கே சுற்றினாலும் கடைசியில் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கி நான்கு பக்கம் புரட்டினால் எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

எங்கள் ஊர் ஒரு நீளமான மணல் திட்டு. மேற்கே கடல், கிழக்கே ஏரி, நடுவில் மூன்று தெருக்கள். கடலோரம் போவது கடல் தெரு, ஏரியோரம் போவது ஏரித் தெரு, இரண்டுக்கும் நடுவில் முதுகெலும்பு மாதிரி உயர்ந்து நிற்பது மேட்டுத் தெரு. வடக்கே ஓர் இடத்தில் ஏரி கடலோடு சேர்கிறது. அந்த இடத்தை ஏரியின் வாய் என்போம். பெருமழையில் ஏரி நிரம்பி மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தால் வாய் திறந்துவிட்டது என்று பேச்சு. அப்போது ஏரி வற்றி, கரை நூறடி பின்னால் போய்விடும். பிறகு அலைகள் மாதக்கணக்கில் மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். அடைத்த பிறகு பெய்கிற மழைக்குப் போக வழி கிடையாது. ஏரி ஏறிக்கொண்டே வரும். மறுபடி வாய் திறக்கிற வரைக்கும் அது எங்கே வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியூர்க்காரர்கள் வீடு பார்க்க வருவது எப்போதும் வாய் திறந்திருக்கிற மாதங்களில்தான். வெயில் இதமாக இருக்கும். ஏரித் தெரு வீடுகளின் பின்பக்கம் புல் முளைத்து, அதற்கு அப்பால் தண்ணீர் பளபளக்கும். அதைப் பார்த்த எவரும் அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் துடிப்பார்கள். தரகர்களுக்கும் அறுவடைக் காலம் அது. மீட்டரக்கா ஒருவரைத் தவிர.

மீட்டரக்கா மின்சார அலுவலகத்துக்காக ஒப்பந்தத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். பதினோரு வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று தெருவிலும் ஒரு வீடு விடாமல். மீட்டர்கள் தாங்களாகவே கணக்கு அனுப்பக் கற்றுக்கொண்டதும் அவருக்கு வேலை போயிற்று. அடுத்த வாரமே வீட்டுத் தரகராக வந்து நின்றார். "அத்தனை வீட்டுக்குள்ளயும் போயிட்டு வந்திருக்கேன். எந்த வீட்டுல கதவு மழைக்கு இழுத்துக்கும், எந்த வீட்டுல நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன ஊறுகாயா போட முடியும்?" என்று கேட்டார். அன்றைக்கு நான்கூடச் சிரித்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், ஆனாலும் ஊருக்கே அக்கா. எனக்கும் அப்படியே வாயில் வந்துவிட்டது.

நடையில் இன்னும் அந்த மீட்டர் வேலைதான். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட்டைத் திறந்து, வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்வதற்குள் மீட்டர் பெட்டியின் முன்னால் நிற்பார். கூட வந்தவர்கள் கூடத்தையும் சமையலறையையும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போது இவர் மீட்டர் பலகையின் நான்கு திருகாணிகளைத் தடவிக்கொண்டிருப்பார். துரு எவ்வளவு ஏறியிருக்கிறது, பலகையின் கீழ் ஓரம் உப்பியிருக்கிறதா, பெட்டி எப்போதாவது இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு வைத்தியர் நாடி பார்ப்பது போலப் பார்ப்பார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தொல்லையே ஆரம்பிக்கும். எந்த வீட்டையும் ஒரே தடவையில் விற்க மாட்டார். வாய் திறந்திருக்கும்போது ஒரு தடவை, வாய் மூடி மழை பெய்யும்போது ஒரு தடவை, இரண்டு தடவையும் வாங்குகிறவர் வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. "குடியிருக்கப் போறீங்கல்ல? இருந்து பாருங்க" என்பார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அப்படி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். எழுந்ததும், பதினைந்து வருஷத்தில் நான் இப்படித் தூங்கினதே இல்லை என்று அந்த வீட்டை வாங்கினார். இன்னொருவர் பத்தாவது நிமிஷத்தில் பின்சுவருக்குள்ளிருந்து வந்த தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்தவர்தான், ஊர் எல்லையில் போய் நின்றார்.

இந்த முறையில் எத்தனை வியாபாரம் கை நழுவிப் போகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றத் தரகர்கள் ஒரு பருவத்தில் முடிப்பதை இவர் மூன்று வருஷத்தில் முடிப்பார். "அந்தம்மா வீடு விக்கறாங்களா, இல்ல விக்க விடாம காவல் காக்கறாங்களா?" என்று டீக்கடையில் கேலி நடக்கும். அந்தக் கேலியைத் தொடங்கி வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் என் தங்கை வந்தாள்.

அவள் நர்ஸ். தூர தேசத்தில், பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அங்கே அவள் குடியிருந்த அறைகள் எல்லாவற்றிலும் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான். "அண்ணா, வேலையை விட்டுட்டு வந்ததும் காலைல கண்ணைத் திறந்தா தண்ணி தெரியணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாள். இத்தனை வருஷத்து உழைப்பும் அந்த ஒரு வீட்டுக்குத்தான். ஒருமுறை தப்பாக வாங்கிவிட்டால் இன்னொருமுறை வாங்க அவளுக்குப் பணமும் இல்லை, வயசும் இல்லை. ஐம்பத்து மூன்று வயது. மூன்று வார விடுப்பில் வந்திருந்தாள்.

நான் வீட்டைத் தயாராக வைத்திருந்தேன். ஏரித் தெருவில் கண்ணாடிக் கடைக்காரருடைய வீடு. அவரே நேராக என்னிடம் வந்தார், நடுவில் தரகர் இல்லை. பத்திரங்கள் கண்ணாடி மாதிரி சுத்தம். மூன்று தலைமுறைக்கு ஒரு வில்லங்கம் கிடையாது, வாரிசுத் தகராறு கிடையாது, அடமானம் கிடையாது. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். பின்வாசலில் நின்றால் அறுபதடிக்குப் புல், அதற்கப்புறம் ஏரி, அதற்கப்புறம் வானம். தங்கை அந்தப் பின்வாசலில் போய் நின்றவள் திரும்பவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கண் கலங்கியிருக்கிறது.

மீட்டரக்காவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னது என் மனைவிதான். "உங்க கண்ணு காகிதத்தைத்தான் பார்க்கும். சுவரைப் பார்க்க ஒரு ஆள் வேணாமா?" என்றாள். சரி, போகட்டும் என்று கூப்பிட்டேன். இதில் அவருக்கு ஒரு காசு வராது என்பதையும் முதலிலேயே சொன்னேன். "வீடு பார்க்கக் காசு கேக்கற பழக்கம் எனக்கில்லண்ணே" என்று வந்துவிட்டார்.

வந்தவர் நிலைப்படியில் நின்றபடியே தலையை அண்ணாந்து பார்த்தார். மீட்டர் பெட்டி வாசல் கதவுக்கு மேலே, என் தலைக்கும் ஒரு முழம் மேலே, சுவரில் உட்கார்ந்திருந்தது.

"மீட்டர் எதுக்குங்க அவ்ளோ உயரத்துல?" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். "சின்னப் பசங்க கைக்கு எட்டக் கூடாதுன்னுதான்."

"உங்க பசங்க ஏழடி இருப்பாங்களோ?"

நான் முறைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "இந்த வீட்டுல மட்டும் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறித்தான் ரீடிங் எடுப்பேன். அப்பவே கேட்டேன், உங்க அப்பா பதில் சொல்லல. மீட்டரை யாரும் ஆசைக்கு மேல தூக்கி மாட்டறதில்லைங்க" என்றார். பிறகு பின்பக்கம் போய்ப் புல்லில் நடந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் நசுக்கிப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் தங்கையிடம் நேராகச் சொன்னார். "வாய் மூடினப்புறம் வந்து ஒரு தடவை பாருங்கம்மா. அப்பவும் பிடிச்சிருந்தா வாங்குங்க."

"எப்ப மூடும்க்கா?"

"அது அலையோட இஷ்டம். ஆறு மாசம், ஏழு மாசம்."

"எனக்கு லீவே இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு."

"வீடு அதுக்கப்புறமும் இருக்குமே."

"வேற யாராவது வாங்கிட்டா?"

"வாங்கினா அவங்க கஷ்டம்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதுகிறவன் சுத்தம் என்று சொன்ன ஒரு வீட்டை, மண்ணை நசுக்கிப் பார்த்து ஒருவர் தள்ளுகிறார். அதுவும் என் தங்கை முன்னால். வாய் இருக்கிறதே என்று பேசிவிட்டேன். "நீங்க கூட்டிட்டு வந்த வீடா இருந்தா இப்படிப் பேசுவீங்களா? உங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காதுன்னுதானே குறுக்க நிக்கறீங்க? பத்திரத்துல ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்!"

டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மீட்டரக்கா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விழுங்கிவிட்ட மாதிரி இருந்தது. "பத்திரத்துல தப்பு இல்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தங்கை மட்டும், "நீ அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டரக்கா மறுபடி என் அறை வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. என்னைப் பார்க்காமல் தங்கையிடம் பேசினார். "வாங்கம்மா, ஒரு வீடு காட்டறேன். விக்கிறதுக்கு இல்ல. சும்மா பாருங்க. அண்ணனும் வரட்டும்."

போனது அவருடைய சொந்த வீட்டுக்கு. ஏரித் தெருவின் தெற்குக் கோடி. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சின்ன வீடு, நான்கு அறை. பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லாத மாதிரி தோன்றியது. என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த வீட்டில் தரையில் எதுவுமே இல்லை. குளிர்சாதனப் பெட்டி இரும்புக் காலில் நின்றது. பீரோவுக்குக் கீழே செங்கல். ஸ்விட்சுகளும் பிளக் பாயிண்டுகளும் மார்பளவு உயரத்தில். அரிசி டின் பரண் மேலே. கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் மூன்று மூன்று கருங்கல் துண்டுகள், எப்போது வேண்டுமானாலும் அடியில் தள்ளுவதற்குத் தயாராக.

அவருடைய வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். கையெல்லாம் கிரீஸ். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலிகளைத் துடைத்தார். பின்னறைக் கதவு நிலையைத் தங்கைக்குக் காட்டியது அவர்தான். நிலையின் இடது பக்கம் பென்சிலால் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் நேரே வருஷம். பையன் வளர்ந்த உயரம். வலது பக்கமும் கோடுகள், அதற்கும் வருஷம்.

"இது?" என்றாள் தங்கை.

"அது தண்ணி" என்றார் மெக்கானிக். "பையன் வளர்றதை நிறுத்திட்டான். இந்தத் தண்ணி இன்னும் நிறுத்தல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளிக்கூடக் கசப்பு இல்லை என்பதுதான் எனக்கு என்னவோ செய்தது.

மீட்டரக்கா மெதுவாகச் சொன்னார். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மறுவருஷம், பையன் கைக்குழந்தை. இரண்டு பேருடைய சேமிப்பு, அவர் அம்மாவின் நகை, மெக்கானிக்கின் அண்ணன் கொடுத்தது, எல்லாம் சேர்த்து வாங்கிய வீடு. வாய் திறந்திருந்த மாதத்தில் வந்து பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை. பின்னால் எழுபதடி இடம், காய்கறி போடலாம், இன்னும் இரண்டு அறை இழுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த மழையில் வாய் மூடியிருந்தது. ஏரி எழுபதடியையும் தாண்டி, வீட்டுக்குள் வந்து, படுக்கையறையில் நாற்பது நாள் நின்றது. குழந்தையைச் சாப்பாட்டு மேசை மேல் படுக்க வைத்து வளர்த்தார். "மேசைலதான் குப்புற விழக் கத்துக்கிட்டான். ஒருத்தர் எப்பவும் பக்கத்துல நிக்கணும்" என்றார்.

"யார் மேலயும் கேஸ் போடலையா?" என்றாள் தங்கை.

"என்னன்னு போடறது?" மீட்டரக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அந்தக் காலத்துப் பத்திரம், கையெழுத்தில் எழுதியது. நான்கு எல்லை சொல்லியிருக்கும் பக்கத்தைத் தங்கையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "படிங்கம்மா. வடக்குல ஒருத்தர் மனை, தெற்குல வாய்க்கால், மேற்குல தெரு. கிழக்குல என்ன எழுதியிருக்கு? ஏரி. அவ்வளவுதான். கல் இல்ல, அளவு இல்ல. ஏரி எங்க இருக்கோ அதுவரைக்கும் எங்களது. ஏரி கட்டிலுக்குக் கீழ வந்தா எல்லையும் கட்டிலுக்குக் கீழதான். கண்ணாடிக் கடைக்காரர் பத்திரத்துலயும் இதேதான் எழுதியிருக்கும். எழுதினவங்க மேல தப்பு இல்ல. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

தங்கை குனிந்து படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

அது என் கையெழுத்து.

'ஏ'யின் காலைக் கீழே இழுத்துக் கொக்கி மாதிரி வளைப்பேன். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் கொக்கி அங்கே இருந்தது. எங்கள் வழக்கப்படி பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் மீட்டரக்காவின் கட்டைவிரல் இருந்தது. தங்கை பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினாள். மீட்டரக்கா தானே திருப்பினார். விரல் அடுத்த பக்கத்தின் அடியில் போய் அதே இடத்தில் உட்கார்ந்தது.

முந்தின நாள், ஊர் கேட்க, ஒரு தப்பு காட்டுங்கள் பார்ப்போம் என்று கத்தியவன் நான். அந்தப் பத்திரத்தை என் முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். இருபத்து நான்கு வருஷமாகவே எறிந்திருக்கலாம். அவர் அதை எடுத்து வந்தது என் தங்கையின் சேமிப்பைக் காப்பாற்ற. என் பெயரை மறைத்தது என் தங்கை முன்னால் என்னைக் காப்பாற்ற. மெக்கானிக் என்னிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்த நீட்டலிலேயே புரிந்தது.

வீட்டுக்கு வந்து தங்கை ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "வேண்டாம்ணா. மூடினப்புறம் வரேன்" என்றாள். நான் என் அறைக்குப் போய் மர அலமாரியைத் திறந்து பழைய நகல்களைத் தேடினேன். கிடைத்தது. அன்றைக்கு ஒரே நாளில் நான்கு பத்திரம் எழுதியிருக்கிறேன். விற்றவரிடம் கிழக்கே என்ன என்று கேட்டிருப்பேன், ஏரி என்றிருப்பார், எழுதியிருப்பேன். மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு யோசித்தும் அந்த முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்றைக்கும் குத்துவது அதுதான்.

எட்டு மாதம் கழித்துத் தங்கை வந்தாள், இந்த முறை வேலையை விட்டுவிட்டு, மழையில். வாய் மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வீடு இன்னும் விற்கப்படாமலே இருந்தது. நானும் அவளும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்து அந்த வாசலுக்குப் போனோம். முப்பத்தொரு வருஷத்தில் ஏரித் தெருவுக்கு நான் மழையில் போனது அதுதான் முதல் தடவை. புல் இல்லை, அறுபதடி இல்லை. பின்வாசலில் ஏரி, கூடத்தில் ஏரி, வெள்ளையடித்த சுவரில் தொடையளவுக்கு ஏரி. மீட்டர் மட்டும் கதவுக்கு மேலே சொட்டு நனையாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்கை அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அந்த வாரமே மீட்டரக்கா மேட்டுத் தெருவில் ஒரு வீடு காட்டினார். பழைய வீடு, பெரிய அழகெல்லாம் இல்லை. மீட்டர் பெட்டி நெஞ்சளவில் இருந்தது, நாற்பது வருஷத்துத் திருகாணிகள் இன்னும் மின்னின. மாடியில் ஒரே ஓர் அறை. அதன் கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு மேலே ஏரி முழுசாகத் தெரிந்தது. தங்கையை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு நாங்கள் கீழே காத்திருந்தோம். இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மீட்டரக்கா மட்டும் விடவில்லை. "வாய் திறந்தப்புறம் இன்னொரு தடவை" என்று ஆரம்பித்தார். "அக்கா, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், இதை விட்டுடுங்க" என்று தங்கை கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார். மேட்டுத் தெருவுக்கு ஒரு தடவை போதும் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பத்திரத்தை எழுதுவதற்கு முன்னால் நான் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். நான்கு மூலையிலும் கல் நட்டேன். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் எத்தனை அடி என்று எழுதினேன். இப்போதெல்லாம் யார் பத்திரமானாலும் அப்படித்தான். அரை நாள் போகிறது. டீக்கடையில் இப்போது கேலி என் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பட்டும்.

பதிவு முடிந்தது. சாட்சிக் கையெழுத்து மீட்டரக்காதான் போட்டார். தங்கை இனிப்பு வாங்கப் போன இடைவெளியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என் அறையில் இருந்தோம். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எட்டு மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என் பேரை எதுக்கு மறைச்சீங்க?"

அவர் ஆச்சரியப்படவில்லை. "அவங்க வீட்டைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தாங்க, அண்ணனைப் பத்தித் தெரிஞ்சுக்க வரலையே" என்றார். பிறகு, "நீங்க பொய் எழுதலண்ணே. அன்னிக்கு ஏரி அங்கதான் இருந்துச்சு. ஒரு தடவை மட்டும் பார்த்தது நான்தான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை. சரி விடுங்க என்பது போலக் கையை ஆட்டினார். என்னால் விட முடியவில்லை.

"அந்த வீட்டை வித்துட்டு மேட்டுத் தெருவுக்கு வந்திருக்கலாமே. வாய் திறந்திருக்கற மாசத்துல, புல்லைக் காட்டி, வெளியூர்க்காரங்க யார்கிட்டயாவது... உங்களுக்குத் தெரியாத தொழிலா? ஒரே நாள்ல முடிச்சிருக்கலாம். இருபத்தி நாலு வருஷமா எதுக்கு விக்காம வெச்சிருக்கீங்க?"

மீட்டரக்கா மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். நான் கேட்டது நிஜமாகவே புரியாதவர் போல என்னைப் பார்த்தார்.

"யாருக்குண்ணே விக்கறது?" என்றார்.

தங்கச்சி வந்தா சொல்லிடுங்க, இனிப்பை நாளைக்கு வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். காலையிலிருந்து ஏரி இன்னும் அரையடி ஏறியிருந்தது. அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் கல் வைக்க வேண்டியிருந்தது.